ஒரு பல் கூட்டலாமா? மின் ஹெலிகாப்டருக்கு எந்தப் பினியன், எந்த மீட்டர்

ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டுகிற இரண்டு பேர் மைதானத்தில் சந்தித்தால் பேச்சு பினியனுக்கு, அதாவது மோட்டார் தண்டில் மாட்டும் சிறிய பல்சக்கரத்துக்கு, வர அதிக நேரம் ஆகாது. "என்ன, மெஷின் கொஞ்சம் சோம்பலா இருக்கு? ஒரு பல் கூட்டிப் பாருங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்கும் சொன்னார்கள். 13 பல் பினியனைக் கழற்றிவிட்டு 14 பல் போட்டேன். முதல் இரண்டு நிமிடம் ஹெலிகாப்டர் சீறியது. அப்புறம் பழைய சோம்பலே திரும்பிவிட்டது. இறக்கிப் பார்த்தால் பேட்டரியில் கை வைக்க முடியவில்லை. கோளாறு பினியனில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது, ஏனென்றால் நான் எதையும் அளக்காமலே பல்லை மாற்றியிருந்தேன்.

ஆகவே இங்கே இரண்டு கேள்விகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். எத்தனை பல் போடுவது, மின்சக்தியை எதை வைத்து அளப்பது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரியும், ஆனால் இரண்டாவதற்கு விடை இல்லாமல் முதலாவதற்குச் சொல்வதெல்லாம் ஊகம்தான்.

பேச்சு அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பதற்காக ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். தைவானின் அலைன் நிறுவனத்துடைய டி-ரெக்ஸ் 500, அதிலும் முதலில் வந்த வகை. தலை ரோட்டாரைச் சுற்றவைக்கும் மெயின் கியரில் 162 பல், பினியனில் 13 பல், 1600 கே.வி. மோட்டார், 6 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 60 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி), 425 மில்லிமீட்டர் பிளேடு. உங்களிடம் இருப்பது வேறு மெஷினாக இருக்கலாம். எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு இதேதான்.

முதலில் ஹெட்ஸ்பீட், பிறகுதான் பல்

மோட்டாரில் எழுதியிருக்கும் கே.வி. கிலோவோல்ட் இல்லை. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே அது. 6 செல்லை 22.2 வோல்ட் என்று வைத்தால் மோட்டார் 35,520 சுற்று சுற்றும். 13 பல் பினியனில் கியர் விகிதம் 12.46. அதனால் வகுத்தால் தலை ரோட்டாரின் வேகம், அதாவது ஹெட்ஸ்பீட், நிமிடத்துக்குச் சுமார் 2850 சுற்று. 12 பல் போட்டால் விகிதம் 13.5 ஆகி 2630. 14 பல்லுக்கு 11.57, அதாவது 3070. இவ்வளவுதான் எல்லோரும் போடுகிற கணக்கு. இணையத்தில் கிடைக்கிற கணிப்பான்களில் பாதி இத்தோடு நின்றுவிடும்.

பறக்கும்போது 22.2 வோல்ட் எங்கே இருக்கிறது? புதிதாகச் சார்ஜ் ஆன பேக் 25.2 வோல்ட்டில் தொடங்கும். முக்கால்வாசி பறந்த பிறகு, ஸ்டிக்கை முழுசாகத் தள்ளி 60 ஆம்பியர் இழுக்கும் அந்த ஒரு நொடியில் அது 21-க்கு இறங்கியிருக்கும். நல்ல பேக்கின் கதையே இது. மோட்டாரின் மின்தடை 20 மில்லிஓம் என்று வைத்துக்கொண்டால், 60 ஆம்பியரில் இன்னும் 1.2 வோல்ட் அதற்குள்ளேயே போய்விடும். சுற்றுவதற்கு மிஞ்சுவது 19.8 வோல்ட். இந்த எண்ணை வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்: 12 பல்லுக்குச் சுமார் 2350, 13 பல்லுக்கு 2540, 14 பல்லுக்கு 2740.

நான் பினியன் தேர்ந்தெடுப்பது இந்த மூன்று எண்களை வைத்துத்தான். மிக மோசமான அந்த நொடியில் மோட்டாரால் தாங்கிப் பிடிக்க முடிகிற வேகம் இது. உங்கள் கவர்னரில், அதாவது ஹெட்ஸ்பீடை ஒரே அளவில் பிடித்து வைக்கும் அமைப்பில், 2400 என்று வைத்திருந்தால், 12 பல் அந்த நொடியில் தோற்றுவிடும். ஹெட்ஸ்பீட் சரியும், அதோடு வாலும் சரியும். 13 பல்லுக்கு ஐந்து, ஆறு சதவீதம் கையிருப்பு இருக்கிறது. 14 பல்லுக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதே போல 2200 போதும் என்பவருக்கு 12 பல்லே அந்தக் கையிருப்பைத் தந்துவிடும். 2600 வேண்டும் என்பவருக்கு 14-ஐத் தவிர வேறு வழி இல்லை.

ஆக, கேள்வி "எந்தப் பினியன் நல்லது" என்பது இல்லை. உங்களுக்கு எந்த ஹெட்ஸ்பீட் வேண்டும் என்பதே.

வேகத்துக்கு என்ன விலை

ஹெட்ஸ்பீட் கூடினால் ஸ்டிக்கை அசைத்த மாத்திரத்தில் மெஷின் பதில் சொல்லும், காற்றில் அசையாது, வால் இறுக்கமாக நிற்கும். ஆசை வருவது இயல்புதான். விலையைப் பார்ப்போம்.

1.8 கிலோ எடையுள்ள 500 ரக ஹெலிகாப்டரை அந்தரத்தில் தாங்கிப் பிடிக்க, அதாவது காற்றைக் கீழே தள்ளுவதற்கு மட்டும், ஏட்டுக் கணக்குப்படி 60 வாட்டுக்குள் போதும். ஆனால் ஹோவரில், அதாவது அப்படி அந்தரத்தில் நிற்கும்போது, என் மீட்டர் காட்டுவது 350 வாட்டை ஒட்டி. மீதி எங்கே போகிறது? கொஞ்சம் மோட்டாரின் சூட்டுக்கு, கொஞ்சம் வாலுக்கும் கியருக்கும். பெரும்பங்கு, பிளேடு காற்றை அறுத்துக்கொண்டு சுற்றுவதற்கே போகிறது. அந்தப் பங்கு வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 2500-லிருந்து 2200-க்கு இறங்கினால் அந்தப் பங்கில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மிச்சம். 2400-லிருந்து 2600-க்கு ஏறினால் கால் பங்குக்கு மேல் கூடுதல் செலவு. ஸ்டிக்கைத் தொடாமல் சும்மா நிற்பதற்கே இது.

வாலைப் பற்றி ஒன்று. வால் ரோட்டார் தலையோடு பிணைந்தது. இந்த மெஷினில் தலை ஒரு சுற்றுக்கு வால் சுமார் 4.5 சுற்று. வாலின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், 2500-லிருந்து 2200-க்கு வந்தால் வாலின் பலத்தில் நாலில் ஒரு பங்கு கிட்டத்தட்டப் போய்விடுகிறது. குறைந்த ஹெட்ஸ்பீடில் வால் நழுவுகிறது என்று வாலை நிலைநிறுத்தும் ஜைரோவைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜைரோவைக் குறை சொல்லிப் பயனில்லை.

பல் மின்சாரத்தைத் தின்கிறதா?

பல் கூட்டினால் ஆம்பியர் கூடும் என்பது மைதானத்து வேதவாக்கு. பாதி உண்மை.

கவர்னர் இல்லாமல், த்ராட்டில் வளைவை (ஸ்டிக் எங்கே இருந்தால் மோட்டாருக்கு எவ்வளவு என்ற அமைப்பை) 85 சதவீதத்தில் நேர்கோடாக வைத்து ஓட்டுகிறவருக்கு அது முழு உண்மை. 13-லிருந்து 14-க்குப் போனால் ஹெட்ஸ்பீட் கிட்டத்தட்ட 8 சதவீதம் ஏறும். மும்மடிக் கணக்கில் பிளேடு காற்றை அறுக்கும் செலவு 25 சதவீதம் ஏறும். அவர் வாங்கியது பல்லை மட்டுமல்ல, வேகத்தையும்தான். பில்லும் அதற்கேற்ப வரும்.

கவர்னர் வைத்து அதே 2400-ல் ஓட்டுகிறவருக்குக் கதை வேறு. ரோட்டாருக்குத் தேவையான சக்தி மாறவில்லை, அதனால் பேட்டரியிலிருந்து போவதும் ஏறத்தாழ அதே 15 ஆம்பியர். மாறுவது மோட்டாருக்குள். ஈ.எஸ்.சி. பகுதித் த்ராட்டிலில் ஓடும்போது அது உயர்ந்த வோல்ட்டை வாங்கித் தாழ்ந்த வோல்ட்டாகவும் கூடுதல் ஆம்பியராகவும் மாற்றிக் கொடுக்கிறது. அதே ஹோவரில் மோட்டார் சுருளில் ஓடுவது 12 பல்லுக்குச் சுமார் 17 ஆம்பியர், 13-க்கு 18.7, 14-க்கு 20. பேட்டரிக் கம்பியில் மாட்டிய மீட்டர் மூன்றுக்கும் 15 என்றே சொல்லும். அது பொய் சொல்லவில்லை. அது பார்க்கும் இடம் வேறு, சுருள் சூடாகும் இடம் வேறு.

சுருளின் சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 12-லிருந்து 14-க்குப் போனால் 36 சதவீதம் அதிகம் என்று பயமுறுத்தலாம். ஹோவரில் அது 6 வாட்டுக்குப் பதில் 8 வாட், அவ்வளவுதான். அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. 1200 வாட் இழுக்கும் கடும் திருப்பங்களில் 13 பல்லுக்கு 82 வாட் என்றால் 14 பல்லுக்கு 95 வாட். கோடை வெயிலில், காற்றோட்டம் இல்லாத கனோபிக்குள், அடுத்தடுத்து நாலு பேட்டரி பறந்தால் அந்த 13 வாட் கணக்கில் வரும். மறுபக்கம் சிறிய பினியனில் மோட்டார் வேகமாகச் சுற்ற வேண்டும், இரும்புப் பகுதியில் ஆகும் இழப்பு கூடும். ஒரே ஹெட்ஸ்பீடில் இவை இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன.

மோட்டாரைவிட எனக்குக் கவலை ஈ.எஸ்.சி.யும் அதன் கண்டென்சரும்தான். 95 சதவீதத்தில் ஓடுகிற ஈ.எஸ்.சி.யைவிட 70 சதவீதத்தில் ஓடுவது அதிகம் திணறும். ஒவ்வொரு துடிப்பிலும் மின்னோட்டத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கிற வேலை அது. பெரிய பினியன் போட்டுவிட்டு, "நான் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்" என்று த்ராட்டிலை 65-க்கு இறக்கி வைப்பவர் மெஷினுக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொள்கிறார். ஈ.எஸ்.சி.க்கு அது உபத்திரவம். மெதுவாக ஓட்டுகிறவர் பல்லைக் குறைப்பதுதான் சரி. கவர்னர் ஹோவரில் 80 முதல் 90 சதவீதத்துக்குள் வேலை செய்யும்படி பல் அமைந்தால் எனக்கு நிம்மதி.

இன்னொரு பயமும் உண்டு. கவர்னர் அமைப்பு அழிந்துபோய், அல்லது தப்பாக நேர்த்ராட்டிலுக்கு மாறி, முழுச் சார்ஜில் 100 சதவீதம் போனால்? சுமையில்லாத கணக்கில் 14 பல்லுக்கு 3480 வரை வரும். பிளேடையும் தலையையும் செய்தவர் சொல்லியிருக்கும் உச்ச வரம்பு எவ்வளவு என்பதைக் கையேட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பினியனைத் தொடாமல் வேறு வழி?

இருக்கிறது. மோட்டாரை வேறு கே.வி.க்கு மாற்றலாம், செல் எண்ணிக்கையை மாற்றலாம், சில மெஷின்களில் மெயின் கியரையே மாற்றலாம். செல்லைக் கூட்டிக் கே.வி.யைக் குறைப்பது கொள்கை அளவில் அழகான வழி, ஏனென்றால் அதே சக்திக்கு ஆம்பியர் குறையும், கம்பியும் ஈ.எஸ்.சி.யும் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் பேட்டரி, மோட்டார், ஈ.எஸ்.சி., சில சமயம் சார்ஜரும் மாற வேண்டும். புதிதாக வாங்குபவர் யோசிக்கட்டும். கையில் மெஷின் இருப்பவருக்குப் பினியன்தான் மலிவு. மாட்ட அரை மணி நேரம் ஆகும்.

அந்த அரை மணி நேரத்தில் கவனம் வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: பல் பொருத்தம். மாட்யூல் (பல்லின் அளவு) 0.6 உள்ள கியரில் ஒரு பல் கூடினால் மோட்டார் 0.3 மில்லிமீட்டர் விலக வேண்டும். திருகைத் தளர்த்தாமல் பினியனை மட்டும் மாற்ற முயன்று பல்லை இறுக்கிவிடுபவர்கள் உண்டு. இறுகிய பல் கத்தும், மோட்டார் பேரிங்கைத் தின்னும், மீட்டரில் காரணமே தெரியாமல் பத்து இருபது வாட் கூடும். தளர்ந்த பல் ஒரு கடும் இழுவையில் மெயின் கியரை வழித்துவிடும். சாதாரண அச்சுத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து இரண்டு பல்லுக்கும் நடுவில் விட்டுச் சுற்றி, மோட்டாரை அழுத்தித் திருகை இறுக்கி, தாளை வெளியே எடுங்கள். தாள் மடிந்து வரவேண்டும், அறுந்து வரக்கூடாது. மெயின் கியர் ஒரு முழுச் சுற்று வரும்வரை நாலைந்து இடத்தில் ஆட்டிப் பாருங்கள், வட்டம் எப்போதும் சுத்தமான வட்டமாக இருப்பதில்லை.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. 162-க்கும் 13-க்கும் பொது வகுஎண் கிடையாது. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் மெயின் கியரின் எல்லாப் பல்லையும் மாறி மாறிச் சந்திக்கும், தேய்மானம் பரவலாகும். 12 பல் போட்டால் இரண்டுக்கும் 6 பொது. ஒவ்வொரு பினியன் பல்லும் அதே 27 பல்லையே திரும்பத் திரும்பக் கடிக்கும். ஒரு பல்லில் சிறு பிசிறு இருந்தால் அது அந்த 27-ஐ மட்டும் அரித்துக்கொண்டே இருக்கும். இதை வைத்து மட்டும் பினியனை முடிவு செய்யமாட்டேன். 12 போட்டால் கியரை அடிக்கடி பார்ப்பேன், அவ்வளவுதான்.

இப்போது மீட்டர்

செலவே இல்லாத வழியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பலரும் அதைத் தாண்டிப் போக வேண்டியதே இல்லை. உங்களிடம் கைக்கடிகாரமும் சார்ஜரும் இருக்கின்றன. ஐந்து நிமிடம் பறந்தீர்கள். சார்ஜர் 2000 மில்லிஆம்பியர்-மணியைத் திரும்ப ஏற்றியது. 2 ஆம்பியர்-மணி, அதை மணிக்கு மாற்ற 12-ஆல் பெருக்கினால் சராசரி 24 ஆம்பியர். 22 வோல்ட் என்று வைத்தால் சராசரி 530 வாட்டுக்குப் பக்கம். பினியன் மாற்றுவதற்கு முன் மூன்று பறத்தல், மாற்றிய பின் மூன்று பறத்தல், ஒரே மாதிரி ஓட்டி ஒரு நோட்டில் எழுதினால், பல் மாற்றம் உங்களுக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பது பைசா சுத்தமாகத் தெரிந்துவிடும். 2600 பேக்கில் 80 சதவீதம் என்றால் 2080. டைமரை வைக்க வேண்டிய இடத்தையும் இதே எண் சொல்லிவிடுகிறது.

இந்த வழியில் தெரியாதது உச்சம். சராசரி 24 என்பவர் ஒரு நொடி 70-ஐத் தொட்டாரா என்பதை எந்தச் சார்ஜரும் சொல்லாது.

அடுத்தது பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவில் மாட்டும் வாட் மீட்டர். விமானக்காரர்களுக்கு இது அருமையான கருவி. விமானத்தைக் கட்டி வைத்து முழு த்ராட்டில் கொடுத்து எண்ணைப் படித்துவிடலாம். ஹெலிகாப்டரை அப்படி மேஜையில் கட்டி வைத்துச் சுற்ற விடக்கூடாது. பிளேடைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் ஆபத்து குறையும், ஆனால் வரும் எண் எதற்கும் உதவாது, சுமை இல்லையே. ஆகவே மீட்டரை ஸ்கிட்டில் (தரையிறங்கும் காலில்) டேப் போட்டுக் கட்டிப் பறக்கவிட்டு, இறக்கிய பிறகு அது நினைவில் வைத்திருக்கும் உச்ச ஆம்பியரையும் குறைந்தபட்ச வோல்ட்டையும் படிக்க வேண்டும். முடியும். ஆனால் எடை கூடுகிறது, பேட்டரிக் கம்பி நீள்கிறது. நீண்ட கம்பி ஈ.எஸ்.சி. கண்டென்சருக்கு ஆகாது. அந்த உச்சம் எந்த நொடியில் வந்தது என்பதும் தெரியாது. எழும்பும்போது வந்த உச்சமா, திருப்பத்தில் வந்த உச்சமா? ஹெலிகாப்டருக்கென்று இதைத் தனியாக வாங்காதீர்கள். நண்பரிடம் இருந்தால் ஒருநாள் இரவல் வாங்குங்கள்.

மூன்றாவது, பதிவு வைக்கும் கருவிகள். ஈகிள் ட்ரீ போன்ற தனி லாகர்கள் ஒரு வகை. ஈ.எஸ்.சி.யே பதிவு வைப்பது இன்னொரு வகை. கேஸில் கிரியேஷன்ஸின் ஐஸ் வரிசை வோல்ட், ஆம்பியர், மோட்டார் வேகம், த்ராட்டில், சூடு, அலைவு வோல்ட் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். என் பார்வையில் பினியன் விவகாரத்துக்கு இதைவிட நல்ல நீதிபதி இல்லை. ஏன் என்றால் ஆம்பியரும் வோல்ட்டும் ஹெட்ஸ்பீடும் ஒரே கால வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. ஆம்பியர் ஏறும் அதே இடத்தில் ஹெட்ஸ்பீட் சரிகிறதா, த்ராட்டில் 100-ல் போய் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் கவர்னருக்குக் கையிருப்பு போதவில்லை. முட்டாமலே ஹெட்ஸ்பீட் சரிந்தால் அது பல் விவகாரமே இல்லை, கவர்னரின் கெயின் (சரிவுக்கு எவ்வளவு விறுவிறுப்பாகப் பதில் கொடுப்பது என்ற அமைப்பு) மந்தமாக இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. லாக் ஒரு பார்வையில் சொல்லிவிடும். மோட்டார் வேகத்தை ஹெட்ஸ்பீடாக மாற்றும்போது மட்டும் காந்த எண்ணிக்கையையும் கியர் விகிதத்தையும் மென்பொருளில் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பினியனை மாற்றிவிட்டு அந்தப் பெட்டியில் பழைய 13-ஐ அப்படியே விட்டுவைத்துக் குழம்பாத ஆள் குறைவு.

லாகின் குறை, எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் தெரியும் என்பது. அங்கேதான் டெலிமெட்ரி, அதாவது பறக்கும்போதே எண்களைக் கையிலிருக்கும் ரேடியோவுக்கு அனுப்பும் வசதி, வருகிறது. ஜெட்டி, ஸ்பெக்ட்ரம், எஃப்.ஆர்.ஸ்கை என்று எந்த ரேடியோவை எடுத்தாலும் ஆம்பியர் சென்சர் கிடைக்கிறது, சில ஈ.எஸ்.சி.கள் நேரடியாகவே ரிசீவருக்குத் தகவல் அனுப்புகின்றன. ஒரு தடவை கூடத் திரையைப் பார்க்க நேரம் இருக்காது, ஹெலிகாப்டரிலிருந்து கண்ணை எடுத்தால் கதை முடிந்தது. அதனால் குரல் அறிவிப்பு உள்ள ரேடியோ என்றால் மட்டும் டெலிமெட்ரிக்குப் பணம் செலவழியுங்கள். எந்த எண்ணைச் சொல்ல வைப்பது? வோல்ட் வேண்டாம். ஒவ்வொரு இழுவையிலும் அது இறங்கி ஏறும், அலாரம் கத்திக்கொண்டே இருக்கும், இரண்டாம் நாள் அதைக் காது கண்டுகொள்ளாது. செலவான மில்லிஆம்பியர்-மணியைச் சொல்ல வைக்க வேண்டும். 1800-ல் ஒரு எச்சரிக்கை, 2080-ல் இறங்கச் சொல். மெதுவாகப் பறந்த நாள் ஏழு நிமிடம் கிடைக்கும், வெறிபிடித்து ஓட்டிய நாள் நாலு நிமிடம். டைமருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

பேட்டரி வோல்ட் இறங்கினால் ஈ.எஸ்.சி. தானாக மோட்டாரை நிறுத்திவிடும் வசதியை மட்டும் நம்ப வேண்டாம். விமானம் சறுக்கிக்கொண்டாவது இறங்கும். ஹெலிகாப்டரில் ஆட்டோரொட்டேஷன் (மோட்டார் இல்லாமலே இறக்குவது) கை வந்தவருக்கே அது இன்ப அதிர்ச்சி இல்லை. மெல்லக் குறைக்கும் முறையில் வையுங்கள்.

ஒரு சோதனை எந்தச் சென்சருக்கும் பொது. அது சொல்லும் மில்லிஆம்பியர்-மணியையும் சார்ஜர் ஏற்றியதையும் ஐந்தாறு பறத்தலுக்கு ஒப்பிடுங்கள். ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் அளவிகள் பகுதித் த்ராட்டிலில் தடுமாறுவது உண்டு. எப்போதும் 10 சதவீதம் குறைவாகக் காட்டினால் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். ஒருநாள் கூடுதல், ஒருநாள் குறைவு என்று இருந்தால் அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இன்னும் ஒரு மீட்டர் விட்டுப்போனது: உங்கள் விரல். இறக்கிய உடனே மோட்டார் மேல் விரலை வைத்து மூன்று நொடி பொறுக்க முடிந்தால் சுமார் 60 டிகிரிக்குள் இருக்கிறது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் பலம் இழக்கத் தொடங்கும் என்பதால் இந்த விரல் சோதனை தோன்றுகிற அளவுக்கு அசட்டுத்தனமானது இல்லை. பிளேடு முழுசாக நின்ற பிறகு, பேட்டரியைக் கழற்றிவிட்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அப்படியானால் எதை எடுப்பது

ஹோவர் பழகுகிறவர், அமைதியாக வட்டமடிக்கிறவர்: 12 பல், கவர்னர் 2200, சார்ஜரும் நோட்டும். வேறெதுவும் வாங்க வேண்டாம். பேட்டரிக்கு ஏழெட்டு நிமிடம் கிடைக்கும். விழுந்தாலும் குறைந்த வேகத்தில் சுற்றும் பிளேடு சேதத்தைக் கொஞ்சமாவது குறைக்கும்.

லூப், ரோல், வேகப் பறத்தல் என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறவர்: பெட்டியில் வந்த 13 பல், 2400. செய்தவர்கள் காரணத்தோடுதான் அதைப் போட்டிருக்கிறார்கள். பணம் மிச்சம் இருந்தால் அதை மில்லிஆம்பியர்-மணி சொல்லும் டெலிமெட்ரியில் போடுங்கள்.

கடும் 3டி (தலைகீழாகவும் புரண்டும் பறக்கும் வித்தைகள்) ஓட்டுகிறவர் 14 பல்லுக்குப் போகலாம், ஆனால் லாக் இல்லாமல் போகாதீர்கள். 2600-ல் 60 ஆம்பியர் ஈ.எஸ்.சி. எல்லையில் நடக்கிறது. அந்த எல்லையை எத்தனை தடவை, எவ்வளவு நேரம் தாண்டுகிறீர்கள் என்பது தெரிந்தாக வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். ஒரு மாதம் கழித்து ஒரு நண்பர் தன் லாகரை இரவல் கொடுத்தார். 14 பல்லோடு பறந்து, கணினியில் திறந்து பார்த்தோம். ஹோவரில் எல்லாம் ஒழுங்கு. முதல் கடும் இழுவையில் ஆம்பியர் 60-ஐத் தொட்டபோது வோல்ட் 19.3-க்குப் போய்விட்டது. மூன்று வோல்ட் சரிவு. செல்லுக்கு 8 மில்லிஓம் மின்தடை என்று பின்பு சார்ஜர் காட்டியது. நல்ல பேக்கில் 3 இருந்திருக்கும். அந்த பேக்கை வைத்துக்கொண்டு 13 பல்லால் 2320-ஐத்தான் பிடித்திருக்க முடியும். நான் வைத்திருந்ததோ 2400. சோம்பல் வந்த வழி அதுதான். 14 பல் போட்டதும் மோட்டாருக்குக் கையிருப்பு கிடைத்தது உண்மை, ஆனால் நோயாளி பேட்டரியிடமிருந்து இன்னும் பிடுங்கித்தான் கிடைத்தது.

புது பேக் வாங்கி, 13 பல்லைத் திரும்ப மாட்டினேன். அதே 2400. வோல்ட் 21-க்குக் கீழே போகவில்லை, த்ராட்டில் 100-ல் முட்டவில்லை. பழைய பேக்குகளில் தேதியும் மின்தடையும் எழுதிய ஒரு டேப் துண்டு ஒட்டி வைக்கிறேன் இப்போது. செல்லுக்கு 6-ஐத் தாண்டினால் அது 12 பல் மெஷினுக்கு, ஹோவர் பழகும் பையன்களுக்கு. அந்த 14 பல் பினியன் இன்னும் பெட்டியில்தான் கிடக்கிறது. 2600-க்கு ஆசை வந்து 80 ஆம்பியர் ஈ.எஸ்.சி. வாங்குகிற நாளில் அதை எடுப்பேன்.